திருட்டுப் படத்துக்கு நடுவில் என் மீசை

நான் சினிமாவில் நடித்துவிட்டேன் என்று முழுதாக இரண்டு நாள் நம்பினேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது. நாற்பதைத் தாண்டி வெகுநாள் ஆனவன், ஜவ்வாது மலையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மரமாக நிற்கச் சொன்னபோதே கீழே விழுந்தவன். அப்படிப்பட்டவன் நம்பினேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின வருடம் அருவிப் பக்கம் ஒரு படப்பிடிப்பு நடந்தது. அந்த வழியாக மூட்டை ஏற்றிப் போன நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தேன். கேமரா ஒரு தடவை என் பக்கம் திரும்பியது. சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்து மீசையைத் தடவிக்கொண்டேன். உடனே ஒரு ஆள் ஓடி வந்து, "யோவ் மீச, ஷாட்டுல நிக்காத, அந்தாண்ட போ" என்று விரட்டினான். நாளடைவில் விரட்டியது மறந்து போயிற்று. கேமரா திரும்பியது மட்டும் மறக்கவில்லை.

அதனால்தான், கார்த்திகை மாதக் குளிரில் ஒரு காலை ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கரண்டியால் பாய்லரைத் தட்டி, "வாங்க ஹீரோ! படத்துல சூப்பரா கீறீங்க" என்றபோது நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது.

"எந்தப் படத்துல?" என்றேன், பல படங்கள் இருப்பதைப் போல.

"அதான் வெள்ளிக்கிழம வந்துச்சே, அது. போன்ல பாத்துகினு இருந்தேன். டக்குனு உங்க மூஞ்சி. மொறத்த கையில வெச்சிகினு ஈன்னு சிரிக்கிறீங்க."

அருவியில் நின்றபோது என் கையில் முறம் இல்லையே என்று மூளையின் ஒரு மூலை முணுமுணுத்தது. அதை வாயை மூடச் சொன்னேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் சந்தேகத்தோடு கேட்டார். "எல்லாம் சரிங்க. ஆனா ஹீரோவோட அம்மா சாகற சீன்ல எதுக்கு சிரிக்கிறீங்க?"

"டைரக்டர் அப்படித்தான் கேட்டாரு" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. போகிற வழியில் இன்னும் மூன்று நான்கு பேர் கேட்டார்கள். எல்லாரிடமும் ஒரே பதில்தான், தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி: "சின்ன வேஷம்தாங்க."

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "உன்ன வெச்சி படம் எடுத்தானா? எவனுக்கோ கெட்ட நேரம்" என்றாள்.

மூன்றாம் நாள் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, ஜமுனாமரத்தூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். வந்தவன் உட்காராமல் நின்றான். பொதுவாக எங்கள் வீட்டில் அவன் நிற்பது ஏதாவது உடைந்திருந்தால்தான்.

"மாமா, தப்பா நெனச்சிக்காத. நீ படத்துல இல்ல."

"ஊரே பாத்திருக்குடா."

"பாத்தாங்க. நீ படத்துக்கு மேல கீற."

போனைத் திறந்து காட்டினான். ஏதோ ஒரு தளம். வெள்ளிக்கிழமை திரையரங்குக்கு வந்த படம் திங்கட்கிழமைக்குள் அதில் ஓசியில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகனின் அம்மா சாகக் கிடக்கிறாள். அவன் கதறுகிறான். அவர்கள் இருவரையும் மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்புகிறது. அதில் நான். முறத்தில் சாமை அரிசி, முகத்தில் பல், பின்னணியில் பனி மூடிய ஏதோ வெளிநாட்டு மலை. "மலையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு!" என்று கீழே எழுத்து. என்னை மூடுவதற்கு என் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. இடது பக்கத்தில் ரம்மி விளையாடக் கூப்பிடும் ஒரு பெண். வலது பக்கத்தில் ஆண்மை லேகியம்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். ரம்மியைப் பார்த்தாள், லேகியத்தைப் பார்த்தாள், நடுவில் இருந்ததை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்ல எடம்தான் புடிச்சிகீற" என்றாள்.

அந்தப் படம் எங்கள் விளம்பரத்துக்காக மச்சானே எடுத்தது. பனி மலையும் அவன் சேர்த்ததுதான். எங்கள் மலையில் பனி விழாதே என்று அப்போதே கேட்டேன். "டவுன்காரனுக்கு மலைன்னா இப்டித்தான் மாமா இருக்கணும்" என்றான்.

விளம்பரத்தின் கதை இதுதான். எங்கள் ஊரில் பெண்கள் குழு ஒன்று உண்டு. என் மனைவிதான் தலைவி. அறுவடையான சாமையைக் கீழேயிருந்து வரும் வியாபாரிக்குக் களத்திலேயே கொடுத்துவிடாமல், தாங்களே உமி நீக்கி, அரிசியாக்கி, போன் மூலம் நேராக வீடுகளுக்கு விற்பது என்று அந்த வருடம் முடிவு செய்தார்கள். ஊரில் பாதி வீட்டுச் சாமை எங்கள் முன் அறையில் மூட்டையாக அடுக்கியிருந்தது. பொட்டலம் கட்டி பார்சலுக்குக் கொண்டு போவது என் வேலை. உமி நீக்கிய அரிசி வெகுநாள் தாங்காது, வண்டு விழும். அதற்குள் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் அடுத்த வருடம் பழையபடி வியாபாரியிடம் போய் நிற்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே விலை சொல்வார். அதனால் மச்சான் நகரத்தில் உள்ள ஒரு விளம்பரக் கம்பெனியில் போன் வழியாகவே ஒரு கணக்குத் திறந்தான். விளம்பரம் எங்கெங்கே வரவேண்டும் என்று அது கேட்டது. 'எல்லா இடத்திலும்' என்பதுதான் இருப்பதிலேயே மலிவு. அதை அழுத்தினான்.

"எல்லா எடமும்னா இந்த எடமும்தான் போல" என்றான் இப்போது, தலையைச் சொறிந்துகொண்டு. "இவன் டிக்கெட்டா விக்கறான் மாமா? படத்த ஓசியில காட்டறான், சுத்தி விளம்பரம் போடறான். அந்த விளம்பரம்தான் அவனுக்கு சோறு."

"அப்ப அவனுக்கு நாமதான் சோறு போடறமா?"

"ஒரு பருக்க. அவ்ளோதான்."

அன்றைக்கு எனக்கு அதில் பயம் எதுவும் இல்லை. நடிகன் பதவி போன துக்கம் மட்டும்தான்.

பயம் வந்தது மலைக்குக் கீழே, ஆலங்காயத்தில். அங்கே பழைய தியேட்டர் ஒன்றின் உரிமையாளர் எனக்கு வாடிக்கைக்காரர். சர்க்கரை நோய்க்காரர், மாதம் தவறாமல் சாமை வாங்குவார். நான் போனபோது பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதே வெள்ளிக்கிழமைப் படம். உள்ளேயிருந்து வசனம் கேட்டது, கைதட்டல் கேட்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே, கூட்டம் இல்லையா?"

"கூட்டமா? உள்ள பத்து பேரு. அதுல ரெண்டு பேரு ஏசிக்கு தூங்க வந்தவன். எல்லாரும் போன்லயே பாத்துட்டானுங்கப்பா. ஒங்க மலையில கூட பாத்துட்டாங்களாமே?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்று அவசரமாகச் சொன்னேன்.

"அந்த சைட்ட மூடினா மறுநாள் வேற பேர்ல தொறக்கறான். ஆள புடிக்கலாம்னா எந்த தேசத்துல கீறானோ. அதனால இப்ப வேற வழி கண்டுபுடிச்சிகீறாங்க. எங்க சங்கத்து கூட்டத்துல சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு வர்ற காச நிறுத்தறது. அவனுக்கு யாரு விளம்பரம் குடுக்கறான், எது வழியா காசு போவுதுன்னு ஒவ்வொண்ணா தேடி அறுக்கறாங்க. சோறு போடறவன புடிச்சிட்டா திருடன் தானா காலி."

நான் கையில் அவருக்காகக் கொண்டு வந்த சாமைப் பொட்டலத்தை வைத்திருந்தேன். பொட்டலத்தின் மேலேயும் அதே படம்தான் ஒட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மெதுவாகக் குப்புறத் திருப்பினேன்.

"புடிச்சி இன்னா பண்ணுவாங்கண்ணே?"

"அவங்க இன்னா பண்ணுவாங்களோ. என் கையில கெடச்சான், நார் நாரா கிழிப்பேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "உன் சாமை சாப்டப்பறம்தான்பா சர்க்கர கொஞ்சம் எறங்கியிருக்கு. குடு."

வாங்கிய பொட்டலத்தை முகம் கீழே இருக்கும்படியே பக்கத்தில் வைத்தார். அது திரும்புவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் என் பயம் ஒரு சுற்றுப் பெருத்தது. எங்கள் மலையில் கேஸ் என்றால் மரக் கேஸ்தான். அதைப்பற்றி நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு ஒன்று உண்டு: மரத்தை வெட்டினவன் ஓடிவிடுவான், அவனுக்குக் கஞ்சி ஊற்றினவன் மாட்டுவான். சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் முன்பின் தெரியாதவன் காட்டிலிருந்து இறங்கிவந்து தண்ணீர் கேட்டால் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒரு கணம் யோசித்துத்தான் செம்பை எடுப்பார்கள். படத்தைத் திருடினவன் கடல் தாண்டி எங்கோ இருக்கிறான். கஞ்சி ஊற்றினவன் இதோ, முறத்தோடு, பல்லோடு, விலாசத்தோடு இருக்கிறேன். வீட்டு விலாசத்தை விளம்பரத்தில் நான்தான் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மீசையை எடுத்தேன். இருபது வருடத்து மீசை. கண்ணாடியில் என் மாமனார் தெரிந்தார்.

மனைவி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "யோவ், இன்னாய்யா இது, உரிச்ச கோழி மாதிரி!"

"சும்மாதான். அரிக்குது."

குழுக் கூட்டம் என்று அவள் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் இரண்டாவது வேலையைத் தொடங்கினேன். கேஸ் வருகிறது என்றால் எங்கள் பக்கத்தில் செய்கிற காரியம் ஒன்றுதான். வீட்டில் இருப்பதைப் பிரித்து உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிடுவது. வருகிறவன் வந்து பார்த்தால் வீடு காலியாக இருக்க வேண்டும். மரத்துக்குச் சொன்ன அந்த வைத்தியத்தை நான் சாமைக்குச் செய்தேன். சாமை வைத்திருப்பது குற்றமே இல்லை என்பது எனக்குத் தெரியும். கைதான் கேட்கவில்லை. எல்லா மூட்டையையும் வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, அதுவும் போதாது என்று மேலே பச்சைத் தழை வெட்டிப் பரப்பினேன்.

பாதி மூட்டையை அண்ணன் வீட்டில் இறக்கினேன். "கேஸ் வரும்போல கீது. கொஞ்ச நாளு வெச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அண்ணி முகம் வெளுத்தது. "எதுக்கு கேஸு தம்பி?" என்றாள். "சினிமா" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மீசையில்லாத என் முகத்தைப் பார்த்தே ஏதோ பெரிய விஷயம் என்று முடிவு செய்துவிட்டாள்.

மீதி மூட்டையை மனைவியின் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டு போகும்போது சோதனைச் சாவடியில் காவலர் கை காட்டினார். புதிதாக வந்தவர்.

"இன்னா லோடு?"

"சாமை சார்."

"சாமைக்கு எதுக்குய்யா மேல தழ?"

"வெயில் படக்கூடாது சார்."

அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கம்பியை எடுத்து வந்து ஒவ்வொரு மூட்டையிலும் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் சாமைதான் கொட்டியது. உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். அவருக்கு அது பெரிய ஏமாற்றம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"சாமைதான். அப்பறம் எதுக்குய்யா ஒளிச்சி எடுத்துகினு போற?"

"ஒளிக்கல சார். எடம் மாத்தி வெக்கறேன்."

"உன்ன எங்கயோ பாத்திருக்கேனே."

"இல்ல சார்."

"அந்தப் புதுப் படத்துக்கு நடுவுல மொறத்தோட ஒருத்தன் வருவான். அவன் ஜாட உனக்கு. ஆனா அவனுக்கு மீச உண்டு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமினார். "நான் பாக்கல. வூட்ல பசங்க பாத்துகினு இருந்தாங்க."

"நானும் பாக்கல சார். மச்சான் காட்டினான்."

"சரி, போ போ."

இரண்டு நிரபராதிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிரிந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது போனில் ஒரு செய்தி. 'உங்கள் விளம்பரம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' படித்துக்கொண்டிருக்கும்போதே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நகரத்து எண். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். தலையணை அதிர்ந்தது. அரிசிப் பானைக்குள் வைத்தேன். பானை பாடியது. கடைசியில் மாட்டுக் கொட்டகை உத்திரத்தில் சொருகிவிட்டு வந்தேன். மாடு மட்டும் விரோதமாகப் பார்த்தது.

விளம்பரம் நின்றதும் ஆர்டரும் நின்றது. தினமும் ஏழெட்டு வீட்டுக்காவது பார்சல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி திரும்பி வந்து முன் அறையைத் திறந்தாள். அறை காலி. பெருக்கிக்கூட வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அத்தினியும் வித்துப் போச்சா! யோவ், உரிச்ச கோழி, வாயில்லாம நின்னுகினு கீறியே!" என்றவள் அப்படியே தெருவில் இறங்கி ஓடினாள். மொத்த ஆர்டர் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். நான் பின்னாலேயே, "இந்தா பாரு, கொஞ்சம் நில்லு, இந்தா பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். எங்கள் ஊரில் என் பேச்சை யாரும் முதல் தடவையிலேயே கேட்கிற வழக்கம் இல்லை.

சிறிது நேரத்தில் குழுப் பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலில். சிரிப்பும் கும்மாளமும். ஒருத்தி, வீட்டில் மிச்சம் இருக்கும் சாமையையும் நாளைக்கே குத்திக் கொடுத்துவிடுகிறேன் என்கிறாள். இன்னொருத்தி, "அடுத்த வருசம் அந்த யாவாரி வரட்டும், நம்ம வெலைய நாம சொல்லுவோம்" என்கிறாள். அதைக் கேட்டபோதுதான் அவர்கள் சாமையை நினைத்துப் பயந்தேன். அதுவரை என் தோலைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"விக்கல" என்றேன்.

"இன்னா?"

"விக்கல. அண்ணன் வூட்லயும் உங்க சித்தப்பா வூட்லயும் வெச்சிகீறேன்."

"எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டுப் படம், கஞ்சி ஊற்றினவன், தியேட்டர்காரர், தழை, காவலர். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாரோ ஒரு கிறுக்கன் செய்த காரியம் போல இருந்தது. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "ஆர்டரும் வரல. விளம்பரத்த நிறுத்திட்டாங்க" என்று முடித்தேன். ஒருத்தி மெல்ல, "அப்ப எங்க சாமை வண்டு விழ வேண்டியதுதானா?" என்றாள்.

அப்போது மாட்டுக் கொட்டகை பாடத் தொடங்கியது.

என் மனைவி நேராகப் போய் உத்திரத்திலிருந்து போனை உருவினாள். எண்ணைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் பச்சையைத் தள்ளி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"வணக்கம். சார்கிட்ட பேசணும்" என்றது ஒரு பெண் குரல். விளம்பரக் கம்பெனியின் பெயரைச் சொன்னது.

"சார் இங்கதான் நிக்கறாரு. பேச்சு வரல. நான் அவரு வூட்டுக்காரம்மா. அரிசியும் எங்களுதுதான். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க மேடம்."

"ரொம்ப நேரமா கூப்பிட்டுட்டே இருக்கேங்க, யாருமே எடுக்கலையே."

"அத வுடுங்க மேடம். மொதல்ல இத சொல்லுங்க. அவரு மேல கேஸா?"

"கேஸா? எதுக்குங்க கேஸு?"

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார். திருட்டுப் படம் போடுகிற தளங்களின் பெயர்களைச் சினிமாக்காரர்கள் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தளங்களுக்கு வருமானம் போகக்கூடாது என்று, அங்கே ஓடுகிற விளம்பரங்களை எல்லாம் கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது. "உங்களுது மட்டும் இல்லம்மா. சோப்பு, நகைக்கடை, பள்ளிக்கூடம்னு நிறைய பேர் விளம்பரம் அவங்களுக்கே தெரியாம அங்க போயிருக்கு. நீங்க 'எல்லா இடத்திலும்'னு போட்டிருக்கீங்க, அதை மாத்தணும். அதுக்காகத்தான் நிறுத்தி வெச்சோம். அந்தத் தளங்களை விட்டுட்டு மத்த இடத்துல திரும்ப ஓட்டலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னைக்கே ஓடும்."

"இதுக்குத்தான் கூப்ட்டீங்களா?"

"இதுக்குத்தாம்மா."

"அந்த லேகியக்காரன் பக்கத்துல என் வூட்டுக்காரரு இனிமே வரமாட்டாரு இல்ல?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "வரமாட்டாரும்மா."

என் மனைவி சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

"அப்ப சரி மேடம்" என்றாள்.

நான் அப்படியே சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய சுமையை இறக்கி வைத்தவனைப் போல முதுகு தானாக நிமிர்ந்தது. அப்போதுதான் அந்தப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது நிற்கவே இல்லை. ஒருத்தி தன் முந்தானையை மேலுதட்டின் மேல் பிடித்துக்கொண்டு என்னைப் போலவே காவலரிடம் பேசிக் காட்டினாள். "வெயில் படக்கூடாது சார்." நானும் சிரித்தேன். அவ்வளவு சத்தமாக நான் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

மறுநாள் மூட்டைகளைத் திரும்ப எடுத்து வரப் போனேன். இந்தத் தடவை தழை இல்லை, தார்ப்பாய்கூட இல்லை. மூட்டைகளின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்து வந்தார்கள். சாவடிக் காவலர் கை காட்டாமலேயே வழிவிட்டார். சித்தப்பா வீட்டு மூட்டையில் கம்பி குத்தின ஓட்டை வழியாகக் கோழிகள் தங்கள் பங்கை எடுத்திருந்தன. அண்ணன் வீட்டில் ஒரு மூட்டை பாதி இறங்கியிருந்தது.

"கேஸுன்னு சொன்னியே தம்பி" என்றாள் அண்ணி. "சாட்சி நெறைய இருக்கக்கூடாதுன்னு உங்க அண்ணன் கொஞ்சம் பொங்கச் சொன்னாரு. நாங்களும் பக்கத்து வூட்டுக்காரங்களுமா சேந்து அழிச்சோம். நல்லா கீது அரிசி."

அடுத்த மாதம் ஆலங்காயம் போனபோது தியேட்டர்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். பொட்டலத்தை இந்தத் தடவை முகம் மேலே தெரியும்படி அவர் மடியில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று சொன்னேன். அவர் பொட்டலத்தில் இருந்த மீசையைப் பார்த்தார். என் மொட்டை உதட்டைப் பார்த்தார்.

"அப்ப அந்த நாய்க்கு சோறு போட்டது நீதானா?"

"ஒரு பருக்கண்ணே. அதுவும் தெரியாம. இப்ப நிறுத்திட்டாங்க."

"எப்டி நிறுத்தினாங்க?"

சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கூட்டத்துல சொன்னது நெசம்தான். நான் சும்மா பேச்சுன்னு நெனச்சேன்." பொட்டலத்தைத் தட்டி, "உன்ன நார் நாரா கிழிப்பேன்னு சொன்னேன் இல்ல? அடுத்த மாசம் சாமை கொண்டு வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

மச்சான் அந்தத் தளத்தை ஒரு தடவை திறந்து பார்த்ததாகச் சொன்னான். எதற்குத் திறந்தாய் என்று நான் கேட்கவில்லை. "நீ இருந்த எடம் வெறும் கட்டமா கீது மாமா. ரம்மி இன்னும் கீது. லேகியம் போய்ட்டுது" என்றான். இன்னும் சில வாரம் கழித்து அது திறக்கவே இல்லை என்றான். மூடிவிட்டார்களா, வேறு பெயருக்குப் போய்விட்டதா என்று அவனுக்கும் தெரியவில்லை.

டீக்கடையில் மட்டும் இன்றும் என்னை ஹீரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

போலீஸ் வரவில்லை. யாரும் என்னைத் தேடவில்லை. அந்தத் தளங்களில் எங்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். என் மனைவி சரி என்று சொன்ன அன்று சாயங்காலமே மற்ற இடங்களில் அது திரும்ப ஓடியது. பொங்கலுக்கு முன்பே, அண்ணன் வீட்டில் பொங்கித் தின்றதும் கோழி தின்றதும் போக, எல்லாச் சாமையும் விற்றுத் தீர்ந்தது.